முதல் சந்திப்பில் ஒரு வீட்டையும் காட்டாத ரியல்டர்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ப்ளூமிங்டன்-நார்மல் என்ற இரட்டை ஊர்ப் பக்கம் வேலை கிடைத்து வருகிற குடும்பங்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: "வீடு வாங்கலாமா? வாங்குவதென்றால் யாரிடம் போவது?" ஒவ்வொருவருக்கும் போனில் முக்கால் மணி நேரம் சொல்லிச் சொல்லி, எழுதியே வைத்துவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். 2025 மே மாதக் கடைசியில் நாங்கள் வீடு வாங்கினோம். வாங்கித் தந்த ரியல்டரின், அதாவது வீட்டு முகவரின், சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் அவர் பெயரை இங்கே போடவில்லை. நேரில் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

அவருக்கு முன்னால் ஒரு ரியல்டரிடம் பேசியிருந்தோம். பேசிய அன்று மாலையே நாற்பது வீடுகளின் லிங்க் வந்து விழுந்தது. எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று புரியாமல் இரண்டு வாரம் போனது. அப்புறம் மருத்துவமனை ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் ஒருவர் இந்தப் பெண்மணியைச் சொன்னார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். முப்பது வருடமாக இதே மெக்லீன் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போல) வீடு விற்று வருகிறவர்.

ஜனவரி மாதம், பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை எங்கள் அபார்ட்மென்டுக்கு வந்தார். சமையலறை மேசையில் இருந்ததையெல்லாம் ஒதுக்கச் சொல்லிவிட்டு, கவுண்டியின் பெரிய வரைபடம் ஒன்றை விரித்தார். எத்தனை பெட்ரூம் வேண்டும் என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது வேறு: "உங்கள் இரண்டு பேருக்கும் சம்பளம் யார் தருகிறார்கள்? அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?"

என் கணவர் ஒரு கன்சல்டிங் நிறுவனம் மூலமாகக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் மருத்துவமனை ஆய்வகத்தில். இரண்டு பேருக்கும் தனித்தனி எச்-1பி வேலை விசா. இதையெல்லாம் மஞ்சள் நிற நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த இரண்டு மணி நேரம் இந்தக் கவுண்டி எதை நம்பி வாழ்கிறது என்று சொன்னார். ஆறு வருடமாக இங்கே குடியிருந்தும் அதில் பாதி எனக்குத் தெரியாது.

மெக்லீன், பரப்பளவில் இல்லினாய் மாநிலத்திலேயே பெரிய கவுண்டி. ஊரைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய தூரம் சோளமும் சோயாவும்தான். ஆனால் வீட்டு விலையைத் தீர்மானிப்பது வயல் இல்லை, நான்கைந்து பெரிய சம்பளப் பட்டியல்கள். முதலாவது ஸ்டேட் ஃபார்ம். 1922ல் ஜி. ஜே. மெக்கர்லி என்ற விவசாயி, விவசாயிகளின் கார்களுக்குக் காப்பீடு தர ஆரம்பித்த நிறுவனம். இன்றைக்கு இந்தக் கவுண்டியில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் அதில் வேலை செய்கிறார்கள். கன்ட்ரி ஃபைனான்ஷியல் என்ற இன்னொரு காப்பீட்டு நிறுவனத்தின் தலைமையகமும் இங்கேதான். நார்மலில் 1857ல் தொடங்கிய இல்லினாய் ஸ்டேட் பல்கலைக்கழகம், சுமார் 21 ஆயிரம் மாணவர்களோடு. மருத்துவமனைகள். மிட்டாய் தொழிற்சாலையை வாங்கிச் சாக்லேட் தயாரிப்பை விரிவாக்கியிருக்கும் பெரேரோ. இவை தவிர ஊரின் மேற்கு ஓரத்தில் மின்சார வண்டி செய்யும் ரிவியன்.

ரிவியன் என்று சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இந்தக் கட்டடத்தின் கதை தெரிந்தால்தான் இங்கே வீடு வாங்கலாம்" என்றார். மிட்சுபிஷியும் கிரைஸ்லரும் சேர்ந்து எண்பதுகளில் கட்டிய கார் தொழிற்சாலை அது. 2015 நவம்பரில் கார் தயாரிப்பு நின்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. அந்தக் காலத்தில் ஸ்டேட் ஃபார்மும் டல்லாஸ், ஃபீனிக்ஸ், அட்லான்டா பக்கம் பெரிய அலுவலகங்களை வளர்த்துக்கொண்டிருந்தது. ப்ளூமிங்டன் நடு ஊரில் இருந்த பழைய தலைமைக் கட்டடத்தை 2018ல் காலி செய்தது. தன்னிடம் விற்க வந்த ஒரு நல்ல வீடு 2016ல் ஏழு மாதம் ஆள் வராமல் கிடந்ததாகவும், விற்றவர்கள் வாங்கிய விலைக்கே கொடுத்துவிட்டுப் போனதாகவும் சொன்னார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை விற்பனைப் பலகை நட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடு போய்விடுகிற ஊரில் இதைக் கேட்டபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

2017 ஜனவரியில் ரிவியன் அந்தத் தொழிற்சாலையை 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2021 செப்டம்பரில் விற்பனைக்கான முதல் மின்சார பிக்கப் வெளியே வந்தது. இப்போது அங்கே சுமார் எட்டாயிரம் பேர். 2024 மார்ச்சில் ஜார்ஜியா மாநிலத் தொழிற்சாலையைத் தள்ளிவைத்துவிட்டு, விலை குறைந்த ஆர்2 வண்டியை நார்மலிலேயே தொடங்கப் போவதாக அறிவித்தார்கள். மே மாதத்தில் இல்லினாய் அரசு 82 கோடியே 70 லட்சம் டாலர் மதிப்புள்ள சலுகைகளை அறிவித்தது. அதே 2024 பிப்ரவரியில்தான் சம்பளப் பணியாளர்களில் பத்தில் ஒருவரை நிறுவனம் அனுப்பியும் இருந்தது. "இரண்டு செய்தியையும் ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்" என்று எனக்கே பேனாவைக் கொடுத்து எழுத வைத்தார். அந்தத் தாள் இன்னும் எங்கள் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது.

அப்புறம் நான் கேட்ட ஒரு கேள்வியில் எனக்குள் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. "வெளியூர்க்காரர்கள் வந்து குவிந்ததால்தானே வீடு கிடைக்கவில்லை?" என்று கேட்டேன். அவர் இரண்டு எண்களை எழுதினார். 2010 மக்கள்தொகைக் கணக்கில் கவுண்டியில் 1,69,572 பேர். 2020ல் 1,70,954 பேர். பத்து வருடத்தில் கூடியது ஆயிரத்து நானூறு பேர் கூட இல்லை. ஆக, கூட்டம் மட்டும் காரணம் இல்லை. 2008 சரிவுக்குப் பிறகு புதிய வீடு கட்டுகிறவர்கள் குறைந்து போனார்கள். மிட்சுபிஷி போன பிறகு யாரும் துணிந்து புதுத் தெரு போடவில்லை. பிறகு தொழிற்சாலை திறந்து சம்பளம் வந்தபோது, கட்டி வைத்த வீடு இல்லை. ரிவியனில் வேலை செய்கிறவர்களில் பலர் பியோரியா, பான்டியாக் என்று பக்கத்து ஊர்களிலிருந்து தினமும் வந்து போகிறார்கள்.

இதோடு வட்டி. 2021 ஜனவரியில் 30 வருட வீட்டுக் கடனின் சராசரி வட்டி 2.65 சதவீதம் வரை இறங்கியது. 2023 அக்டோபரில் 7.79 வரை ஏறியது. மூன்று சதவீதத்தில் கடன் வைத்திருக்கிறவர் அந்த வீட்டை விற்றுவிட்டு ஏழு சதவீதத்தில் இன்னொன்று வாங்க ஏன் வருவார்? பிள்ளைகள் கல்லூரிக்குப் போய், நான்கு பெட்ரூம் வீட்டில் இரண்டு பேராக இருந்தாலும் அசைய மாட்டார்கள். எங்களுக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். 2019ல் மாதம் 940 டாலர் வாடகைக்குக் குடிவந்த அபார்ட்மென்டுக்கு 2024 கடைசியில் 1,480 டாலர் கேட்டார்கள். நாங்கள் வீடு தேடக் கிளம்பியதே அந்தக் கடிதம் வந்த பிறகுதான்.

இனி அவர் சேவையின் மையத்துக்கு வருகிறேன். எங்களிடம் வங்கி கொடுத்த முன் அனுமதிக் கடிதம் 3,85,000 டாலர் வரை வாங்கலாம் என்றது. அவர் அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, "இரண்டு சம்பளத்தில் பெரியது நின்றுபோனால், சின்னதை வைத்து வீட்டைக் காப்பாற்ற முடியுமா? அந்த விலைக்கு மேல் ஒரு வீட்டையும் காட்ட மாட்டேன்" என்றார். பிடித்தம் போக என் கைக்கு மாதம் 3,900 டாலர் வரும். அதை வைத்து வரி, காப்பீடு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டதில் மூன்று லட்சத்துப் பத்தாயிரம் பக்கத்தில் வந்து நின்றது. என் கணவருக்கு முகம் வாடிவிட்டது. எனக்கும்தான். விலை ஏற ஏற அவருடைய கமிஷனும் ஏறும். இருந்தும் விலையைக் குறைக்கச் சொன்னார் என்பது வீடு திரும்பும் அவரை வாசலில் வழியனுப்பும்போதுதான் எனக்கு உறைத்தது.

கமிஷன் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நம்மவர்கள் பலர் குழம்புகிறார்கள். 2024 ஆகஸ்ட் 17 முதல் நாடு முழுக்க முறை மாறியது. ரியல்டரோடு எழுத்து ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அவர் நம்மை வீடு பார்க்க அழைத்துப் போக முடியும். அவருக்கு எவ்வளவு என்பது அதில் இருக்க வேண்டும். விற்பவர் அதைக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். நாங்கள் ஆறு மாதத்துக்கு 2.5 சதவீதம் என்று கையெழுத்துப் போட்டோம். எங்களுக்கு விற்றவர்கள் 2.25 கொடுத்தார்கள். மீதிக் கால் சதவீதம், 780 டாலர், நாங்கள் கட்டினோம். இது நடக்கலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார், அதனால் வருத்தம் இல்லை.

இன்னொன்று. "நம்ம ஆட்கள் அதிகம் இருக்கிற பகுதி எது?" என்று என் கணவர் சாதாரணமாகக் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல முடியாது என்றார். 1968ல் வந்த நியாய வீட்டுரிமைச் சட்டப்படி, இன்ன இனத்தவர், இன்ன மதத்தவர் இருக்கும் இடம் என்று வாங்குபவரை ஒரு பக்கம் திருப்பக் கூடாது. நல்ல பகுதி, கெட்ட பகுதி என்றும் சொல்ல மாட்டார். பள்ளிக்கூடங்களைப் பற்றி மாநிலக் கல்வித் துறையின் பக்கத்தைக் காட்டி நீங்களே பாருங்கள் என்றார். சில நண்பர்கள் இதை ஒத்துழைக்காத குணமாக நினைக்கிறார்கள். எனக்கு அது மரியாதையாகத் தெரிந்தது.

தேடல் ஆரம்பித்ததும் முதல் அடி அவரால்தான் விழுந்தது. பிப்ரவரியில் ஃபோர்ட் ஜெஸி ரோடு பக்கம் ஒரு வீடு. வெள்ளிக்கிழமை பட்டியலுக்கு வந்தது, ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் விலை எழுதிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை பார்த்தோம், பிடித்தது, இரவெல்லாம் பேசி ஞாயிறு காலை முடிவெடுத்தோம். அவர் ஞாயிற்றுக்கிழமை மாலை வரை போனையே தொடமாட்டார். காலை சர்ச், பிறகு குடும்பம். ஒன்பது முறை அழைத்தேன். ஏழு மணிக்குத் திரும்ப அழைத்தார். வீடு போய்விட்டது. அன்று என் மகள் தன் அறை எது என்று முடிவே செய்திருந்தாள். அவர் தன் வழக்கத்தை வைத்துக்கொள்ளட்டும், அது அவர் உரிமை. ஆனால் இந்த ஊரில் ஞாயிறு மாலைதான் கெடு என்று முப்பது வருட அனுபவக்காரருக்குத் தெரியாதா? முன்னாலேயே மாற்று ஆள் வைத்திருக்க வேண்டும். அதன் பிறகு தன் அலுவலகத்தில் ஒரு இளைஞரின் எண்ணைக் கொடுத்தார். முதல் வாரத்திலேயே கொடுத்திருக்க வேண்டியது.

இரண்டாவது வீட்டில் கேட்ட விலைக்கு மேல் பதினைந்தாயிரம் போட்டும் ரொக்கமாக வாங்கியவர் தட்டிக்கொண்டு போனார். வாங்கும் முன் நிபுணர் வீட்டைச் சோதிக்கும் இன்ஸ்பெக்ஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் நமக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். "கிடைக்கலாம், நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்" என்று சொல்லி அதற்குக் காரணமும் சொன்னார். இந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் தண்ணீர் தேங்கிய புல்வெளி. பூமிக்கடியில் குழாய் பதித்து வடித்துத்தான் வயலாக்கினார்கள். தட்டையான நிலம், கறுப்பு மண், கீழே பேஸ்மென்ட் என்ற நிலவறை. 2021 ஜூன் கடைசியில் பெய்த பெருமழையில் ப்ளூமிங்டனின் பழைய பகுதிகளில் பல பேஸ்மென்ட்களுக்குள் கழிவுநீர் ஏறியதை அவர் நேரில் பார்த்திருக்கிறார். தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் எங்கே இருக்கிறது, மின்சாரம் போனால் ஓட பேட்டரி உண்டா, சுவரில் வெள்ளைப் பூச்சு படிந்திருக்கிறதா என்று பார்க்க எனக்கே கற்றுக்கொடுத்துவிட்டார். இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் பேஸ்மென்ட் மூலைக்குத்தான் போகிறது.

மூன்றாவதாகப் பார்த்ததுதான் நாங்கள் வாங்கியது. ப்ளூமிங்டனின் கிழக்குப் பக்கம், 1994ல் கட்டியது, நான்கு பெட்ரூம். கேட்ட விலை 2,99,900. நாங்கள் எழுதியது 3,12,000. எங்களை விட மூவாயிரம் அதிகம் எழுதியவர் ஒருவர் இருந்தார் என்பது பிறகு தெரிந்தது. எங்களுக்கு எப்படிக் கிடைத்தது? இவர் விற்பவரின் ரியல்டரைக் கூப்பிட்டு, பணம் தவிர அவர்களுக்கு வேறு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வயதான தம்பதி. மகள் வீட்டுக்கு அருகில் அவர்கள் போக இருந்த இடம் தயாராக இன்னும் ஒரு மாதம் ஆகும். வீடு கைமாறும் க்ளோசிங் முடிந்து முப்பது நாள் அவர்கள் அங்கேயே இருக்கலாம் என்று எங்கள் ஆஃபரில் எழுதினார். அந்த ஒரு வரிக்காக எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த வீட்டின் வரிச் சீட்டை அவர் படித்த விதத்துக்காகவே இந்த விமர்சனத்தை எழுதலாம். இல்லினாயில் சொத்து வரி நாட்டிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. விற்பனைப் பக்கத்தில் இந்த வீட்டின் வரி வருடம் 5,300 டாலர் என்று போட்டிருந்தது. மூன்று லட்சம் டாலர் வீட்டுக்கு இது குறைவு என்று நாங்கள் மகிழ்ந்தோம். அவர் மகிழவில்லை. விற்பவர்கள் மூத்த குடிமக்கள். அவர்களுக்கு மூத்தவர் விலக்கு உண்டு. வருமானம் குறைவென்றால் மதிப்பீடே ஏறாமல் உறைந்து நிற்கும் சலுகையும் உண்டு. அவர்கள் வெளியேறினால் அந்தச் சலுகைகளும் அவர்களோடு வெளியேறும். நமக்கு வருவது வேறு சீட்டு.

கணக்கை மேசையில் போட்டுக் காட்டினார். வீட்டின் சந்தை மதிப்பில் மூன்றில் ஒரு பங்குதான் வரிக்கான மதிப்பீடு. எங்கள் வீட்டுக்கு அது சலுகைகள் இல்லாமல் 90 ஆயிரம். அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையாளருக்கான பொது விலக்கு 6 ஆயிரம் கழித்தால் 84 ஆயிரம். நூறு டாலருக்குச் சுமார் 8 டாலர் 35 சென்ட் வரி. ஆக 7,014 டாலர். இதோடு நிற்காது என்றார். மதிப்பீடு எப்போதும் சந்தைக்குச் சில வருடம் பின்னால் நடந்து வரும். நீங்கள் கொடுத்த விலையை அது எட்டிப் பிடிக்கும்போது 8,180 ஆகும், அதற்கும் தயாராக இருங்கள் என்றார். இந்த வரியில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குப் போகிறது. யூனிட் 5 பள்ளி மாவட்டம் கேட்ட வரி உயர்வை 2022 நவம்பரில் மக்கள் நிராகரித்தார்கள், 2023 ஏப்ரலில் மறுபடி கேட்டபோது ஒப்புக்கொண்டார்கள். என் பிள்ளைகள் இருவரும் அந்தப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். வகுப்புகள் குறையாமல் இருப்பதற்கு அந்த வரியில் என் பங்கும் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

வரி ஒரு வருடம் பின்தங்கிக் கட்டப்படுவதையும் அவர்தான் சொன்னார். 2024க்கான வரியை 2025 ஜூனிலும் செப்டம்பரிலும் இரண்டு தவணையாகக் கட்ட வேண்டும். அதனால் விற்பவர் குடியிருந்த காலத்து வரியை க்ளோசிங்கின்போது நமக்குக் கழித்துத் தர வேண்டும். பழைய 5,300ஐ வைத்துக் கழிக்க முயன்றார்கள். இல்லினாயில் வீட்டு விற்பனைக்கு வக்கீல் வைத்துக்கொள்வதுதான் வழக்கம். எங்கள் வக்கீலும் இவரும் சேர்ந்து பேசி, சலுகைகள் நீங்கும் 2025 காலத்துக்குப் புதிய கணக்கில் வாங்கித் தந்தார்கள்.

இன்ஸ்பெக்ஷனில் பெரிதாக ஒன்றும் வரவில்லை, ரேடான் தவிர. பூமியிலிருந்து கசியும் கதிரியக்க வாயு அது. மணமோ நிறமோ இல்லை. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைக்கு அடுத்த காரணம். மத்திய இல்லினாயில் இது அதிகம். லிட்டருக்கு 4 பிக்கோகியூரியைத் தொட்டாலே சரிசெய்ய வேண்டும் என்பது கூட்டரசு சுற்றுச்சூழல் துறையின் அளவுகோல். எங்கள் பேஸ்மென்டில் 7.1 இருந்தது. விற்பவர்கள் தங்கள் செலவில் குழாயும் விசிறியும் வைத்துக் கொடுத்தார்கள். மறு சோதனையில் 1.3. நீங்கள் வாடகைக்கு இருந்தாலும், கீழ்த்தளத்தில் பிள்ளைகள் தூங்கினால் ஒரு சோதனைப் பெட்டி வாங்கி வைத்துப் பாருங்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது குறை, அவர் கைகாட்டிய கடன் அதிகாரி. என் கணவரின் விசா நீட்டிப்புக் காகிதம் ஏற்கனவே கொடுத்திருந்தும், க்ளோசிங்குக்கு ஒன்பது நாள் முன்னால் மறுபடி கேட்டு, மேலிடத்துக்கு அனுப்பி, இன்ன நாள் வரை மாறாது என்று பூட்டி வைத்த வட்டியின் கெடுவைத் தாண்ட விட்டார். கெடுவை நீட்டிக்க 663 டாலர் நாங்கள் கட்டினோம். விசாவில் இருக்கும் குடும்பங்களுக்குக் கடன் கொடுத்துப் பழகிய ஒருவரை முதலிலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்று ரியல்டர் மன்னிப்புக் கேட்டார். நீங்களும் கேளுங்கள். அதோடு, 2025 மே 25 முதல், கிரீன் கார்டு இல்லாமல் விசாவில் இருப்பவர்களுக்கு எஃப்எச்ஏ (கூட்டரசு காப்பீடு தரும்) கடன் கிடையாது என்று ஆனது. அவர்கள் சாதாரணக் கடனுக்குத்தான் போக வேண்டும்.

எங்கள் மாதக் கணக்கு இது. 15 சதவீதம் முன்பணம் போக 2,65,200 டாலர் கடன், 6.75 சதவீத வட்டி. அசலும் வட்டியும் 1,720. வரி 585, வீட்டுக் காப்பீடு 185, கடன் காப்பீடு 90. மொத்தம் 2,580. இதே கடன் மூன்று சதவீதத்தில் கிடைத்திருந்தால் அசலும் வட்டியும் 1,118தான் வந்திருக்கும். அந்த அறுநூறு டாலரை நினைத்தால் இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

செப்டம்பர் முதல் வாரத்தில் என் கணவரின் ப்ராஜெக்ட் நிறுத்தப்பட்டது. கன்சல்டிங் நிறுவனம் அவரை விடுவித்துவிட்டது. விசாக்காரர்களுக்கு அதன் பொருள் தெரியும். வேறு வேலை தேட 60 நாள். என் விசா தனியாக இருந்ததால் குடும்பம் இங்கே இருக்க முடியும் என்பது ஒரு பலம். என் சம்பளத்தில் வீட்டுத் தவணை போக 1,320 டாலர் மிஞ்சியது. அதில் மளிகை, பெட்ரோல், மின்சாரம் எல்லாம் ஓட்டினோம். இழுத்துப் பிடித்துத்தான், ஆனால் சேமிப்பைத் தொடாமல். 46ஆவது நாள் அவருக்கு வேறு வேலை கிடைத்தது. வங்கி அனுமதித்த 3,85,000 டாலர் வீட்டை வாங்கியிருந்தால் மாதம் 3,250 போயிருக்கும். மீதி 650ல் நான்கு பேர். அந்த வாரங்களில் ஒவ்வொரு இரவும் இந்தக் கழித்தலை மனதுக்குள் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஜனவரியில் அவர் அந்தக் கடிதத்தை மடித்து வைத்த காட்சி கண்முன் வந்துகொண்டே இருந்தது.

இனி இந்தக் கவுண்டியில் விலை எப்படிப் போகும் என்று கேட்பவர்களுக்கு, அவரிடம் கற்றதையும் நானே பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன். வீடுகள் இன்னும் போதவில்லை, அதனால் சட்டென்று விலை சரியும் என்று காத்திருப்பது பயன் தராது. ஆர்2 தயாரிப்பை 2026ல் தொடங்குவதாக ரிவியன் அறிவித்திருந்தது. விரிவாக்கத்தோடு வருடத்துக்கு 2,15,000 வண்டி வரை செய்யும் திறன் அந்தத் தொழிற்சாலைக்கு வரும் என்பது அவர்கள் கணக்கு. மறுபக்கம், மின்சாரக் கார் வாங்குபவருக்குக் கூட்டரசு கொடுத்த 7,500 டாலர் வரிச் சலுகை 2025 செப்டம்பர் 30ஓடு முடிந்துவிட்டது. காப்பீட்டுச் செலவும் ஏறுகிறது. ஆலங்கட்டி மழைச் சேதத்தைக் காரணம் சொல்லி ஸ்டேட் ஃபார்ம் 2025ல் இல்லினாயில் வீட்டுக் காப்பீட்டை சராசரியாக 27.2 சதவீதம் உயர்த்தியது. மாநில ஆளுநரே அதைக் கண்டித்தார். வீட்டு விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள்.

ஒரே தொழிற்சாலையில் கணவன் மனைவி இருவரும் வேலை பார்க்கும் குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே நான்கு இருக்கின்றன. அவர்கள்தான் இவரைக் கட்டாயம் சந்திக்க வேண்டும். மூன்று வருடத்துக்குள் வேறு மாநிலம் போய்விடுவோம் என்று நினைப்பவர்கள் வாடகையிலேயே இருங்கள். இவரும் அதையேதான் சொல்வார், என் தோழி ஒருத்தியை அப்படித் திருப்பி அனுப்பியும் இருக்கிறார். புதிய வீடு, பளபளப்பான சமையலறை, இந்த வாரமே முடிக்க வேண்டும் என்று அவசரப்படுபவர்களுக்கு இவரோடு ஒத்துப்போகாது.

மார்ச்சில் பனி உருகியதும் விற்பனைப் பலகைகள் வரத் தொடங்கும். அவரிடம் பேசுவதென்றால் ஜனவரியிலேயே பேசுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்கான மாற்று எண்ணை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். சமையலறை மேசையைக் காலி செய்து வையுங்கள், அந்த வரைபடம் பெரியது.